வாரச்சந்தையில் ஒரு வாரத்துக்கு வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சந்தைக்குப் புதிதாக வருபவர்களைச் சற்றுத் தள்ளி நின்றாலே அடையாளம் கண்டுகொள்ளலாம். நுழைந்ததும் எதிர்ப்படும் முதல் கடையில் இரண்டு கிலோ தக்காளி வாங்குவார்கள். அது பையின் அடிக்குப் போகும். அதன்மேல் வெங்காயம், அதற்கும் மேல் அரைப் பூசணிக்காய். பாதிச் சந்தையைக் கடப்பதற்குள் தோள்பட்டை இறங்கிவிடும். நான்கு கடை தள்ளி அதே தக்காளி கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைவாகக் குவிந்துகிடப்பது அப்போதுதான் கண்ணில் படும். கீரைப் பக்கம் போகாமலேயே திரும்பிவிடுவார்கள்.

தங்களுக்குப் பேரம் பேச வராததுதான் குறை என்று இவர்களில் பலர் நினைக்கிறார்கள். பேரத்துக்கு இதில் சிறு பங்குதான். எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்ற வரிசை பிடிபட்டால் பணமும் மிஞ்சும், கையும் வலிக்காது, வேடிக்கை பார்க்கவும் நேரம் இருக்கும். சந்தைக்குப் போகும் சுகத்தில் பாதி அந்த வேடிக்கைதான்.

இங்கே சொல்வது திண்டுக்கல், கரூர், ஈரோட்டுப் பக்கத்துச் சிற்றூர்களில் வாரம் ஒரு நாள் கூடும் சந்தையைப் பற்றி. உழவர் சந்தை வேறு வகை. 1999-இல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் தினமும் விற்கிறார்கள். விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். வாரச்சந்தையில் பலகை கிடையாது. விலையை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

1. கிழமையையும் நேரத்தையும் உறுதி செய்யுங்கள்

ஒவ்வோர் ஊர்ச் சந்தைக்கும் ஒரு கிழமை உண்டு. போச்சம்பள்ளிக்கு ஞாயிறு, அய்யலூருக்கு வியாழன். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று பக்கத்து டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆனால் கிழமையோடு நிறுத்தாமல் “காய்கறிக் கடை எத்தனை மணிக்குப் போடுவார்கள்?” என்றும் கேளுங்கள். ஒரே சந்தையிலேயே ஆடும் கோழியும் விடியற்காலையில் விற்று முடிந்திருக்கும். காய்கறி பிற்பகலில்தான் சூடு பிடிக்கும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் உள்ள ஊர்களில் வேலை முடிந்து அவர்கள் வரும் நேரமே சந்தையின் உச்ச நேரம்.

மாலைச் சந்தை என்றால் கடை விரித்த முதல் ஒரு மணி நேரம் சரக்குக்கு நல்லது. கீரையும் கத்தரிக்காயும் அப்போது பொறுக்கினால்தான் நல்லதாகக் கிடைக்கும். ஆறு மணிக்கு மேல் கூட்டம் நெரியும். விலையும் இறங்காது, நின்று பார்க்கவும் இடம் இருக்காது. கடை கட்டும் நேரத்தில் விலை விழும். தக்காளித் தொக்கு போடுவது, மிளகாய் வாங்கி மோர் மிளகாய் போடுவது போன்ற திட்டம் இருந்தால் அந்த நேரம் சரி. வாரம் முழுவதும் வைத்திருக்கும் காயை அப்போது வாங்காதீர்கள். பலர் புரட்டிப் பொறுக்கிவிட்டுப் போன மிச்சம் அது. வெளியே தெரியாத அடி பட்டிருக்கும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு என் யோசனை: கடை விரித்து அரை மணி நேரம் கழித்துப் போய்ச் சேருங்கள். அதற்கு முன்னால் போனால் சரக்கு மூட்டையில் இருக்கும், விலையும் திரண்டிருக்காது.

2. கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

என்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் எழுதாதீர்கள். வீட்டில் என்ன மீதி இருக்கிறது என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல. “திங்கள் பீன்ஸ் பொரியல், செவ்வாய் முருங்கைக்காய்ச் சாம்பார்” என்று தீர்மானித்துக்கொண்டு போனால், அன்று பீன்ஸ் என்ன விலை விற்றாலும் வாங்கித்தான் தீர வேண்டும். “வெங்காயம் நாலு நாளைக்கு இருக்கிறது, புளி தீர்ந்துவிட்டது, காய் எதுவும் இல்லை” என்று தெரிந்துகொண்டு போனால், அன்று எது மலிந்து கிடக்கிறதோ அதை வைத்துச் சமையலை அமைத்துக்கொள்ளலாம். மலிந்து கிடப்பது பெரும்பாலும் அந்த வாரம் பக்கத்துக் காடுகளில் பறித்ததாக இருக்கும். ஆகவே ருசியும் அதில்தான்.

பைகள்: கனத்த பொருளுக்கு அகலமான கைப்பிடியுள்ள கட்டைப்பை ஒன்று. மென்மையான காய்களுக்கு ஒயர்கூடை ஒன்று. அதற்கு அடிப்பாகம் விறைப்பாக இருப்பதால் தக்காளி நசுங்காது. மிளகாய், இஞ்சி, பூண்டு போன்ற சில்லறைச் சாமான்களுக்கு நாலைந்து சிறிய துணிப்பைகள். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் கடைக்காரர் பை தருவார் என்று நம்பிப் போக வேண்டாம். கருவாடு வாங்கும் எண்ணம் இருந்தால் இறுக்கமாக மூடும் டப்பா ஒன்று அவசியம். அதன் வாசனை கூடையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஏறிவிடும். கீரைக்குப் பழைய செய்தித்தாள் இரண்டு தாள்.

சில்லறை: பத்தும் இருபதும் ஐம்பதுமாக மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் பணம் அனுப்பும் அட்டை இப்போது பல கடைகளில் தொங்குகிறது. ஆனால் கூட்டம் கூடியதும் சிக்னல் திணறும். கொத்தமல்லிக் கட்டு விற்கும் பாட்டியிடம் அட்டையும் இருக்காது, ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறையும் இருக்காது. சில்லறை இல்லாமல் நிற்பவருக்கு “மீதிக்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்” என்ற பதில்தான் கிடைக்கும். வேண்டாத பொருள் பைக்குள் வருவதற்கு இது முக்கியமான வழி.

3. முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள்

கையில் காலிப் பையோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து வாருங்கள். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இது. எல்லாவற்றிலும் இதுதான் முக்கியமானது. இந்த ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

எல்லாவற்றுக்கும் விலை கேட்க வேண்டாம். தக்காளி, சின்ன வெங்காயம், கத்தரிக்காய் மூன்றுக்கு மட்டும் கேளுங்கள். வாசலருகே ஒரு கடை, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று விசாரித்தால் அன்றைய விலை எந்த அளவில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். வாசலருகே உள்ள கடைகளில் விலை சற்றுக் கூடுதலாக இருப்பது வழக்கம். அவசரக்காரர்கள் அங்கேயே வாங்கிவிடுகிறார்கள், அதனால்தான்.

விலை கேட்கும்போது எந்த அளவுக்கு என்று காதில் வாங்குங்கள். “இருபது, இருபது” என்று கூவுவது கால் கிலோவுக்காக இருக்கலாம். கிலோ எண்பது ரூபாய் என்று சொன்னால் நின்று யோசிப்பவர், இருபது என்றதும் பையை நீட்டுகிறார். “மூன்று கிலோ நூறு” என்பதும் அப்படித்தான். தனியாகக் கிலோ முப்பத்தைந்து என்றால், மூன்று கிலோ வாங்குவதில் மிச்சமாவது ஐந்து ரூபாய். வீட்டுக்கு இரண்டு கிலோவே போதும் என்றால் அந்த ஐந்து ரூபாய்க்காக முப்பது ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கிறீர்கள். காதில் விழும் எந்த விலையையும் கிலோவுக்கு மாற்றிக்கொண்ட பிறகே யோசியுங்கள்.

நடக்கும்போது தலைக்கு மேலேயும் பாருங்கள். சிவப்பு, ஆரஞ்சு நிறத் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும் தக்காளியும் கேரட்டும் பழுத்துப் பளபளக்கும். அந்த நிறம் தார்ப்பாய் கொடுத்தது. கையில் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் உண்மை தெரியும். இருட்டிய பிறகு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. சீக்கிரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. விற்பவர் யார் என்று பார்த்து வாங்குங்கள்

சந்தையில் இரண்டு வகை விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். இருவரிடமும் வாங்க வேண்டும். ஆனால் ஒரே பொருளை அல்ல.

ஒருவர் சந்தை வியாபாரி. திங்கள் ஓர் ஊர், செவ்வாய் இன்னோர் ஊர் என்று வாரம் முழுக்கச் சந்தை சந்தையாகப் போகிறவர். ஒட்டன்சத்திரம் போன்ற மொத்தச் சந்தையில் சரக்கு எடுத்துக்கொண்டு சிறிய லாரியில் வருவார். தார்ப்பாய் கட்டி, பத்து இருபது வகைக் காயை வரிசையாகக் குவித்திருப்பார். காய்கள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்.

இன்னொருவர் சுற்றுவட்டாரத்து விவசாயி, அல்லது அவர் வீட்டுப் பெண்கள். சாக்கு விரித்து வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு மூன்று பொருள்தான் இருக்கும்: கொஞ்சம் கத்தரிக்காய், ஒரு குவியல் அவரைக்காய், நாலு சுரைக்காய். அளவு ஒன்றுக்கொன்று பொருந்தாது. முள்ளங்கியில் மண் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் சந்தையின் ஓரத்திலோ, சந்தைக்கு வரும் பாதையிலோ இருப்பார்கள்.

வாடும் பொருளை எல்லாம் இரண்டாமவரிடம் வாங்குங்கள். கீரை, கத்தரி, வெண்டை, அவரை, பீர்க்கு, கொத்தமல்லி எல்லாம் அன்று காலையோ முந்தைய மாலையோ பறித்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், பூண்டு, கேரட், முட்டைக்கோஸ் ஆகியவற்றுக்கு வியாபாரியிடம் போகலாம். அவர் அளவு பார்த்துத் தரம் பிரித்து வைத்திருப்பார். இந்தப் பொருள்கள் ஒரு நாள் பயணத்தில் கெடுவதும் இல்லை.

வியாபாரியிடம் பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: “நேற்று எந்தச் சந்தை அண்ணே?” நேற்றும் சந்தை என்றால் நேற்றைய மீதி இன்றைய குவியலில் கலந்திருக்கக்கூடும். அதற்காக வாங்காமல் வர வேண்டியதில்லை. கத்தரிக்காயை மட்டும் வேறு இடத்தில் பார்த்துக்கொண்டால் போதும். நேற்று அவருக்கு ஓய்வு நாள் என்றால் சரக்கு அன்று காலை எடுத்ததாக இருக்கும்.

சாக்கில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் விவசாயி என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மொத்தத்தில் வாங்கிவந்து சாக்கில் விற்பவர்களும் உண்டு. தரையில் உட்கார்ந்தவரிடம் கேரட்டும் பீட்ரூட்டும் இருந்தால், அந்த ஊர் மலையடிவாரமாக இல்லாத பட்சத்தில், அவை அவர் காட்டில் விளைந்தவை அல்ல.

5. எடையும் கூறும்

மின்னணுத் தராசு என்றால் தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். காயைக் கூடையோடு எடை போட்டால் கூடையின் எடை கழிக்கப்பட்டதா என்று கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. கைத்தராசு என்றால் எடைக்கல்லில் முத்திரை இருக்க வேண்டும். கல்லுக்குப் பதிலாக உருளைக்கிழங்கையோ செங்கல் துண்டையோ வைத்து நிறுப்பவரைக் கண்டால் சண்டை போட வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

கூறு வேறு கணக்கு. நிறுக்காமல் குவியலாக வைத்து, குவியலுக்கு ஒரு விலை. இங்கே ஒரு நடைமுறை இருக்கிறது: எந்தக் கூறு வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், ஒரு கூறிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைக்கக் கூடாது. புதியவர்கள் இதை மீறித்தான் பாட்டு வாங்குகிறார்கள். மேலே நல்ல காயை வைத்து அடியில் சுமாரானதை வைப்பது கூறின் இயல்பு. ஆகவே மேல் காயைப் பார்க்காதீர்கள், தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரிசையைப் பாருங்கள். பையில் கொட்டும்போதும் கண் அங்கேயே இருக்கட்டும். அழுகல் இருந்தால் அந்த நொடியில் சொன்னால் மாற்றித் தருவார்கள். இரண்டடி நகர்ந்துவிட்டால் பேச்சு எடுபடாது.

வேர்க்கடலை, மொச்சை, துவரங்காய் போன்றவற்றைப் படியில் அளந்து கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குவித்து அளக்கிறாரா, தலை தட்டி அளக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே விலையில் இந்த இரண்டுக்கும் கணிசமான வித்தியாசம் வரும். காய் பெரிதாக இருந்தால் படிக்குள் இடைவெளியும் அதிகம். தோலோடு உள்ள மொச்சைக்குப் படியைவிட எடை நியாயம்.

6. வாங்கும் வரிசை

காய்ந்த பொருள் முதலில், கனமானது இரண்டாவது, காய்கறி மூன்றாவது, தக்காளி நான்காவது, கீரையும் பூவும் கடைசி. கருவாடு வாங்குவதானால் எல்லாவற்றுக்கும் பிறகு.

புளி, வற்றல், கருப்பட்டி, பூண்டு ஆகியவற்றுக்கு நிதானமாகப் பார்க்கும் கண் வேண்டும். கை கனத்துக் கால் கடுக்கும் நேரத்தில் அவற்றை வாங்கினால் பார்க்காமல் தலையாட்டிவிடுவோம். விலையும் இவற்றில்தான் அதிகம். அதனால் முதலிடம்.

வெங்காயம், உருளை, தேங்காய், பூசணி, சேனை ஆகியவற்றை அடுத்து வாங்கி, வாங்கிய கடையிலேயே பையை வைத்துவிட்டுப் போங்கள். “பை இங்கே இருக்கட்டும் அக்கா, சுற்றிவிட்டு வருகிறேன்” என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பழகிய கடையாகவும், சந்தை வாசலுக்குப் பக்கமாகவும் பார்த்து வைத்தால் திரும்பும் வழியில் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு சந்தை முழுக்க நடப்பது தேவையற்ற தண்டனை.

கீரையைக் கடைசியில் வாங்கச் சொன்னேன். ஆனால் நல்ல கீரை கடைசி வரை இருக்காது. இதற்கு ஒரு வழி உண்டு. முதல் சுற்றிலேயே பிடித்த கட்டைப் பார்த்து, காசைக் கொடுத்துவிட்டு, “எடுத்து வையுங்கள் பாட்டி, திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லுங்கள். ஈரச் சாக்குக்கு அடியில் அது உங்கள் கூடையில் இருப்பதைவிட நன்றாக இருக்கும். முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள் என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. காசு கொடுக்காமல் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வேறு வழியாகப் போய்விடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம்.

7. கையில் எடுத்துப் பார்ப்பது

சின்ன வெங்காயத்தில் இரண்டு வகை வரும். அறுவடை முடிந்து நேராக வரும் புது வெங்காயம் ஈரத்தோடு இருக்கும், கழுத்து மெத்தென்று அமுங்கும், விலை குறைவு. பட்டறை போட்டு, அதாவது குவித்து இருப்பு வைத்துக் காயவைத்த வெங்காயம் சருகு போல ஒலிக்கும், கழுத்து ஒட்டிச் சுருங்கியிருக்கும். ஒரு வாரத்துக்கு என்றால் புதுசு போதும். ஒரு மாதத்துக்கு வாங்கி வைப்பதானால் பட்டறை வெங்காயம்தான். புதுசை மூட்டையாக வாங்கியவர் வீட்டில் பத்து நாளில் நாற்றம் கிளம்பும். எதுவானாலும் மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள்.

கத்தரிக்காயின் தோலைவிடக் காம்பு முக்கியம். காம்பும் அதைச் சுற்றிய பச்சை இதழும் விறைப்பாக, முள் குத்தும்படி இருந்தால் அன்று பறித்தது. காம்பு பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் எத்தனை பளபளப்பு இருந்தாலும் விட்டுவிடுங்கள். தண்ணீர் தெளித்தே பளபளப்பைக் கொண்டுவரலாம். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதில் விதை முற்றியிருக்கும். சிறு துளை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது, அல்லது இருந்துவிட்டுப் போயிருக்கிறது.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது நம் எல்லாருக்கும் பழக்கம். ஒன்றை ஒடித்துப் பார்த்தால் போதும். ஒவ்வொன்றாக ஒடித்துவிட்டுப் பாதியைக் குவியலிலேயே போட்டுவிட்டு வருவது அவர் பிழைப்பைக் கெடுப்பது. நுனி ஒடிந்த காயை யாரும் வாங்கமாட்டார்கள். மற்றவற்றைக் கண்ணால் பொறுக்கலாம்: விரல் நீளத்துக்கு மிகாமல், வரம்புகள் புடைக்காமல், மேலே மெல்லிய ரோமம் தெரிந்தால் பிஞ்சு.

முருங்கைக்காயை இரு முனையிலும் பிடித்து லேசாக முறுக்குங்கள். வளைந்துகொடுத்தால் நல்லது, மரக்குச்சி போல எதிர்த்தால் முற்றல். பீர்க்கங்காய் அளவுக்கு ஏற்ற கனம் இல்லாமல் இருந்தால் உள்ளே நார் ஓடிவிட்டது. சுரைக்காயை நகத்தால் கீறாதீர்கள், தோலில் ரோமம் இருக்கிறதா என்று தடவினால் போதும். வீட்டில் சுரைக்காயையும் பீர்க்கையும் வெட்டியதும் ஒரு சிறு துண்டை நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிட வேண்டும். அந்தக் கசப்பு உடலுக்குக் கேடு செய்யும், வேகவைத்தாலும் போகாது.

தக்காளியை எல்லாம் ஒரே பதத்தில் பழுத்ததாக வாங்குவது பரவலான தவறு. எல்லாம் சிவந்திருந்தால் மூன்றாம் நாள் எல்லாம் ஒன்றாகக் கனியும். நன்றாகச் சிவந்தது மூன்றில் ஒரு பங்கு, செங்காய் ஒரு பங்கு, பச்சை மாறாதது ஒரு பங்கு என்று பொறுக்கினால் வாரம் முழுக்க ஒவ்வொன்றாகப் பழுத்து வரும். ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் நாட்டுத் தக்காளி. நாலு நாள் தாண்டி வைக்கத் தடித்த தோலுள்ள ஹைபிரிட்.

கீரைக் கட்டை வெளியிலிருந்து பார்க்காமல் நடுவில் விரலை விட்டு விரித்துப் பாருங்கள். மஞ்சள் இலையும் வெக்கையும் நடுவில்தான் இருக்கும். இலையில் நாலு பூச்சித் துளை இருப்பதை நான் குறையாகப் பார்ப்பதில்லை. வேரோடு உள்ள கட்டு வெட்டிய கட்டைவிட ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும்.

தேங்காயைக் காதருகே ஆட்டினால் தண்ணீர் ஆடும் ஒலி கேட்க வேண்டும். கண்கள் உலர்ந்திருக்க வேண்டும். கசிவோ பூஞ்சையோ தெரிந்தால் வேண்டாம். புளியில் கொட்டையும் நாரும் எவ்வளவு என்று ஓர் உருண்டையைப் பிய்த்துக் காட்டச் சொல்லுங்கள். கருப்பட்டியை உடைத்தால் உள்ளே சர்க்கரைக் கற்கள் மின்னக் கூடாது. கருவாடு எடுக்கும்போது மூக்கைவிடக் கையை நம்புங்கள்: பிசுபிசுப்பு இருந்தால் சரியாகக் காயவில்லை, இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் கெடத் தொடங்கிவிட்டது.

நாட்டுக்கோழியை எடை போடாமல் உருப்படிக்கு விலை பேசும் இடங்கள் பல. பழக்கம் இல்லாதவர்கள் முதல் சில தடவை தெரிந்தவரை அழைத்துப் போவதே வழி; எழுதிக் கற்றுக்கொடுக்கக்கூடிய வித்தை அல்ல அது.

8. பேரம்

இரண்டு விதி போதும். அளவைச் சொல்லிவிட்டு விலையைக் கேளுங்கள். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

“கொஞ்சம் குறையுங்கள்” என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. “இரண்டு கிலோ எடுத்துக்கொள்கிறேன், என்ன போடுவீர்கள்?” என்றால் அவருக்குக் கணக்குப் போட ஏதோ ஒன்று கிடைக்கிறது. முதல் சுற்றில் அன்றைய விலை உங்களுக்குத் தெரிந்திருப்பதால், அவர் சொல்லும் விலை நியாயமா என்பதும் உடனே தெரிந்துவிடும். நியாயம் என்றால் பேசாமல் வாங்குங்கள். “அங்கே முப்பதுக்குத் தருகிறார்கள்” என்று மட்டும் சொல்ல வேண்டாம். “அப்படியானால் அங்கேயே போங்கள்” என்ற பதில் தயாராக இருக்கும்.

போணி ஆகாத கடையில் விலை பேசிவிட்டு வாங்காமல் நகர்வதை வியாபாரிகள் மனதில் வைத்துக்கொள்வார்கள். முதல் வியாபாரம் கெட்டால் அன்றைய நாளே கெட்டது என்ற நம்பிக்கை அவர்களுக்கு உண்டு. மறுபக்கம், போணிக்காகவே ஓரிரு ரூபாய் இறக்கிக் கொடுப்பவர்களும் உண்டு.

நாலு கட்டு கீரையோடு உட்கார்ந்திருப்பவரிடம் நான் பேரம் பேசுவதில்லை. இரக்கத்தால் அல்ல, அந்தக் கட்டில் குறைக்க ஒன்றும் இல்லை. சந்தைக்குள் உட்காரச் சுங்கம் கட்ட வேண்டும், பஸ்ஸுக்கோ ஆட்டோவுக்கோ கொடுக்க வேண்டும். அவரிடம் கேட்கத் தகுந்தது கொசுறு. காசு கொடுத்த பிறகு “கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்கள் அம்மா” என்றால் இல்லை என்று சொல்பவர் அரிது. காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்டால் அது பேரம் ஆகிவிடுகிறது, முகம் மாறிவிடும்.

9. விலை ஏறும் வாரங்கள்

முகூர்த்த நாளை ஒட்டிய சந்தையில் கத்தரி, முருங்கை, பூசணி, வாழை இலை எல்லாம் ஏறும். அமாவாசைக்கு முந்தைய சந்தையில் வாழைக்காய். புரட்டாசியில் பலர் கறி தின்பதில்லை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். இரண்டு காலத்திலும் காய்கறிக்கு இழுப்பு அதிகம். ஐப்பசி மழை அடித்துப் பெய்த வாரத்தில் தக்காளியும் கீரையும் சட்டென்று எகிறும். முருங்கைக்காய் குளிர்மாதங்களில் ஆளைக் கொல்லும் விலை விற்கும். பங்குனி, சித்திரையில் சீந்துவார் இன்றிக் கிடக்கும். புளி ஓராண்டுக்கு வாங்குவதானால் மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது வாங்குங்கள்.

நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போனால், விலை ஏன் ஏறியிருக்கிறது என்று வியாபாரியோடு வாதாட வேண்டியிருக்காது.

10. வீடு திரும்பிய அன்று இரவே

களைப்பில் பையை மூலையில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவது சந்தையில் பட்ட பாடு அத்தனையையும் வீணாக்கும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் கீரையைப் பிரித்துச் செய்தித்தாளில் சுருட்டுங்கள். கழுவாதீர்கள், ஈரத்தோடு வைத்தால் மறுநாளே அழுகும். முள்ளங்கி, பீட்ரூட் இவற்றின் இலையை வெட்டிவிடுங்கள், விட்டுவைத்தால் கிழங்கின் ஈரத்தை இலை உறிஞ்சிக் கிழங்கு தளர்ந்துவிடும். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளி உலர்ந்த டப்பாவில் போட்டால் வாரம் தாண்டும். கறிவேப்பிலையை உருவி வையுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் வைத்தால் இரண்டும் சீக்கிரம் முளைக்கும், தனித்தனியாக வையுங்கள். தக்காளியைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் பரப்பி வெளியிலேயே விடலாம். நன்றாகக் கனிந்த பிறகு குளிர்ப்பெட்டிக்குப் போகட்டும். கருவாட்டை மறுநாள் வெயிலில் ஒருமுறை காட்டிவிட்டு மூடுங்கள்.

பிறகு சமையல் வரிசை. முதல் இரண்டு நாள் கீரை, வெண்டை, அவரை, பீர்க்கு. அடுத்த இரண்டு நாள் கத்தரி, முருங்கை, பீன்ஸ். அதற்குப் பின் கேரட், முட்டைக்கோஸ், வாழைக்காய். சேனை, பூசணி, உருளை, வற்றல் ஆகியவை அடுத்த சந்தைக்கு முந்தைய நாள்களுக்கு. வெட்டாத பூசணி அதற்கும் மேல் தாங்கும். வெட்டியது தாங்காது, ஆகவே துண்டாக வாங்கினால் அதை முன்னால் நகர்த்துங்கள்.

அடுத்த சந்தைக்குக் கிளம்பும் முன், குப்பைக்குப் போன காய் எது என்று பாருங்கள். அதை மட்டும் இந்த வாரம் பாதி அளவு வாங்கினால் போதும்.